டாஸ்க்ஜக்ளர்: தேதியைத் தானே கணக்கிடும் வேலைப் பட்டியல்

வேலைகளைத் தலைப்பும் உள்தலைப்புமாகச் சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, அதிலிருந்தே அட்டவணையும் கான்ட் சார்ட்டும் (வேலைகளைத் தேதிவாரியாகப் பட்டைகளாகக் காட்டும் படம்) எடுத்துத் தரும் கருவிகள் இன்று நிறைய. அவற்றில் பெரும்பாலானவை படம் வரைபவை. எந்த வேலை எப்போது தொடங்கும், எத்தனை நாள் ஓடும் என்று நீங்கள் சொன்னால் பட்டையாக நீட்டிக் காட்டும். ஒரே ஆளை மூன்று வேலைக்குப் போட்டிருக்கிறீர்களே, ஒரே நாளில் மூன்றையும் அவர் எப்படிச் செய்வார் என்று அவை கேட்பதில்லை. அதைக் கேட்டு, பதிலையும் தானே கண்டுபிடிப்பது டாஸ்க்ஜக்ளர். அந்த ஒரு காரணத்துக்காகவே, பழகக் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும், இந்த வரிசையில் அதற்கு முதலிடம்.

இலவச மென்பொருள், ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமம். கிறிஸ் ஷ்லேகர் முதன்மையாக உருவாக்கியது. மென்பொருளின் இரண்டாம் பதிப்பு வரை சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்டு, லினக்ஸின் கேடிஇ டெஸ்க்டாப்புக்கு ஏற்ற திரையும் இருந்தது. மூன்றாம் பதிப்பை ரூபி மொழியில் அடியிலிருந்து திரும்ப எழுதியபோது அந்தத் திரை போய்விட்டது. இப்போது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் மட்டும்தான். ரூபி இருக்கும் கணினியில் ‘ஜெம் இன்ஸ்டால் டாஸ்க்ஜக்ளர்’ என்று அடித்தால் வந்துவிடும்; விண்டோஸில் முதலில் ரூபி இன்ஸ்டாலர் போட வேண்டும். பிறகு ‘டிஜே3’ என்று அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் வேலை முடிந்தது. பட்டையை மவுஸால் இழுத்து நகர்த்தும் வசதியை எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம். கட்டளைச் சொற்களை இந்த மதிப்புரையில் ஒலிப்பில் தருகிறோம். கோப்பில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

விளக்குவதற்கு ஒரு கற்பனைத் திட்டம்: ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு நான்கு நூல்களைக் கொண்டுவர வேண்டிய சிறு பதிப்பகம். மெய்ப்பு பார்க்க ஒருவர், லே-அவுட்டுக்கு ஒருவர், அட்டைக்குப் பகுதிநேர ஓவியர் ஒருவர். அச்சும் பைண்டிங்கும் வெளியே. நான்கு நூல்களும் இந்த மூன்று பேர் வழியாகத்தான் போயாக வேண்டும். படம் மட்டும் வரையும் கருவிகள் திணறும் இடம் இதுதான்.

தலைப்பகுதி: வரிகளின் வரிசை முக்கியம்

ஒரு டாஸ்க்ஜக்ளர் கோப்பில் நான்கு பகுதிகள் உண்டு: திட்டத்தின் தலைப்பகுதி, ஆட்கள், வேலைகள், அறிக்கைகள். கடைசிப் பகுதியை மறந்தால் கணக்கெல்லாம் போட்டுவிட்டு, அறிக்கை எதுவும் கேட்கவில்லையே என்ற ஓர் எச்சரிக்கையோடு நின்றுவிடும். புதியவர்கள் ‘ஓடுது, ஆனா ஒண்ணும் வரலை’ என்று குழம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

தலைப்பகுதியில்தான் நம் பக்கத்து ஆட்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. டாஸ்க்ஜக்ளர் காலத்தைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் யாருக்கு என்ன வேலை என்று நிரப்புகிறது. துண்டின் இயல்பான அளவு ஒரு மணி நேரம், அதிகபட்சமும் அதுவே. மிகக் குறைந்தது 5 நிமிடம். இந்தியா, இலங்கை இரண்டின் நேரமும் உலகப் பொதுநேரத்திலிருந்து ஐந்தரை மணி தள்ளியிருப்பதால் முழு மணிக்கணக்கில் பொருந்தாது. ‘டைம்ஸோன்’ வரியில் ஆசியா/கொல்கத்தா என்று கொடுத்ததும் துண்டின் அளவு தானாகவே அரை மணியாகக் குறைக்கப்பட்டுவிடும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்தால் எட்டு மணி நேர வித்தியாசம்; இந்தச் சிக்கல் கிடையாது.

துண்டு குறைவதால் கெடுதல் இல்லை. வரிசை பிசகினால்தான் கெடுதல். துண்டின் அளவை மாற்றும் ‘டைமிங்ரெசல்யூஷன்’ வரி, அதற்கு முன்னால் நீங்கள் எழுதிய வேலைநேரங்களை அழித்து இயல்புநிலைக்குக் கொண்டுபோய்விடும். டைம்ஸோன் வரியும் அப்படியே. ஆகவே துண்டின் அளவு முதலில், டைம்ஸோன் அடுத்து, ‘ஒர்க்கிங்ஹவர்ஸ்’ எனும் வேலைநேரம் கடைசியில். மாற்றிப் போட்டால் பிழைச்செய்தி எதையும் எதிர்பார்க்காதீர்கள். சனிக்கிழமை மட்டும் சார்ட்டில் விடுமுறையாக இருக்கும், ஏனென்று புரியாது.

சனிக்கிழமை தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். இயல்புநிலையில் திங்கள் முதல் வெள்ளி வரைதான் வேலைநாள். நம் அச்சகங்களிலும் பதிப்பகங்களிலும் சனிக்கிழமை வேலை உண்டு. காலை 9.30 முதல் 1 மணி, பிற்பகல் 2 முதல் 6.30 என்று திங்கள்–சனிக்கு எழுதினால் நாளுக்குச் சரியாக 8 மணி நேரம். அரை மணித் துண்டு இருப்பதால் 9.30 ஏற்கப்படும். 9.15 என்று தொடங்கும் அலுவலகமாக இருந்தால் துண்டை 15 நிமிடமாகக் குறைத்தே ஆக வேண்டும். ‘எல்லாவற்றுக்கும் 5 நிமிடமே இருக்கட்டும்’ என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நினைவகமும் நேரமும் கண்டபடி தின்னும்.

வேலைநேரத்தை மாற்றியதோடு நிறுத்தினால் இன்னொரு கணக்கு உதைக்கும். ஒரு வாரம், ஒரு மாதம் என்று நீங்கள் எழுதும் உழைப்பை நாளாக மாற்ற, ‘டெய்லிஒர்க்கிங்ஹவர்ஸ்’, ‘இயர்லிஒர்க்கிங்டேஸ்’ என்ற இரண்டு எண்களைத்தான் அது பார்க்கிறது. இவற்றின் இயல்பு மதிப்பு 8 மணி, 260.714 நாள். அதாவது ஐந்து நாள் வாரம். ஆறு நாள் வாரமென்றால் இரண்டாவதை 312.857 ஆக்குங்கள். விட்டுவிட்டால், ‘2 வாரம்’ என்று எழுதிய வேலை உங்கள் ஆறு நாள் வாரத்தில் பத்தே நாளில் முடிந்ததாகக் காட்டும். பன்னிரண்டு நாளாக இருக்க வேண்டியது அது. வாரம், மாதம் என்ற அலகுகளையே தொடாமல் எல்லாவற்றையும் நாளில் எழுதிவிடுவது இதைவிட எளிது.

திட்டத்தின் மொத்தக் காலத்தைத் தாராளமாகக் கொடுங்கள். நான்கு மாத வேலைக்கு ஆறு மாதம் என்று வைத்தால் தப்பில்லை. இறுக்கமாக வைத்தால், கடைசி வேலைகள் அந்தக் காலத்துக்கு வெளியே போய், அட்டவணை போட முடியவில்லை என்று கைவிரித்துவிடும். எந்த வேலை எத்தனை நாள் தள்ளுகிறது என்று பார்க்கவே வழியிருக்காது.

உழைப்பு வேறு, நாள் வேறு

டாஸ்க்ஜக்ளரைப் புரிந்துகொள்ள மூன்று சொற்கள் போதும். ‘எஃபர்ட்’ என்பது உழைப்பு: ஓர் ஆள் முழுநேரம் செய்தால் எவ்வளவு ஆகும். ‘லெங்த்’ என்பது வேலைநாள் கணக்கு: ஆள் யாரென்பது பற்றிக் கவலையில்லை, ஞாயிறும் விடுமுறையும் கழியும். ‘டியூரேஷன்’ காலண்டர் கணக்கு: ராத்திரி, ஞாயிறு, தீபாவளி எல்லாம் சேர்ந்து ஓடும்.

மெய்ப்பு, லே-அவுட், அட்டை மூன்றுக்கும் எஃபர்ட். வெளியே கொடுக்கும் அச்சுக்கு, அந்த அச்சகத்தில் யார் செய்கிறார் என்பது நம் பாடில்லை. ‘4 வேலைநாள்’ என்று லெங்த் கொடுத்தால் போதும். ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பது, பைண்டிங்கில் பசை காய்வது போன்றவற்றுக்கு டியூரேஷன். ஒரு வேலைக்கு இந்த மூன்றில் ஒன்றுதான். எஃபர்ட் கொடுத்துவிட்டு ‘அலொகேட்’ வரியில் ஆளைப் போடாமல் விட்டால் பிழையென்று நிறுத்திவிடும். நியாயம்தான், உழைக்க ஆள் வேண்டும்.

அட்டை ஓவியர் பகுதிநேரம். அவருக்கு ‘லிமிட்ஸ்’ பகுதியில் ‘டெய்லிமேக்ஸ் 4 மணி’ என்று ஒரு வரி. ஓர் அட்டைக்கு 3 நாள் உழைப்பென்றால் 24 மணி. நாளுக்கு 4 மணி வீதம் ஆறு வேலைநாளாகத் தானே நீளும். நான்கு அட்டைக்கும் அவர் ஒருவரே என்பதால் 24 வேலைநாள், அதாவது ஆறு நாள் வாரத்தில் முழுதாக ஒரு மாதம் போல. நான்கு நூலுக்குத் தனித்தனியாக ‘அட்டை: ஒரு வாரம்’ என்று எழுதிவைத்திருக்கும் எக்செல் தாளில் இந்த ஒரு மாதம் கண்ணில் படவே படாது.

இரண்டு ஆட்களை ஒரே வேலைக்குப் போடும்போது கவனம். அலொகேட் வரியில் இருவர் பெயரையும் காற்புள்ளியிட்டு எழுதினால் இருவரும் சேர்ந்து செய்வதாகக் கணக்கிட்டு நாளைப் பாதியாக்கும். ஒரு நூலை இருவர் பங்குபோட்டு மெய்ப்பு பார்த்தால் ஒற்றுப்பிழை கொள்கையே ஆளுக்கொன்றாகிவிடும் என்பது வேறு கதை. ‘இவர், இல்லாவிட்டால் அவர்’ என்று சொல்ல ‘ஆல்டர்நேட்டிவ்’ உண்டு. ஆனால் அதோடு ‘பெர்சிஸ்டெண்ட்’ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் துண்டுக்குத் துண்டு யார் கை காலியாக இருக்கிறதோ அவரிடம் வேலையைத் தள்ளும். காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர் என்று ஒரே நூல் கைமாறிக்கொண்டிருப்பதை அறிக்கையில் பார்க்கலாம்.

ஆட்களுக்கு விடுப்பு, அச்சகத்துக்குத் தீபாவளி வாரம் எல்லாம் ‘லீவ்ஸ்’ வரியில் எழுதலாம். ஆள்வாரியாக எழுதினால் அவருக்கு மட்டும். திட்டம் முழுவதற்கும் எழுதினால் எல்லோருக்கும். இயந்திரத்தையும் ‘ரிசோர்ஸ்’ ஆக அறிவிக்கலாம், அதன் ‘எஃபிஷியன்சி’ மதிப்பைச் சுழியமாக வைத்தால் உழைப்பில் பங்கு சேராது. இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும்.

ஆச்சரியக்குறிகளின் தொல்லை

எது முடிந்தபின் எது என்று சொல்ல ‘டிப்பெண்ட்ஸ்’. இங்கேதான் ஆரம்பக்காரர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். வேலைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருப்பதால், சார்ந்திருக்கும் வேலையை முழுப் பாதையோடு எழுத வேண்டும், அல்லது ஆச்சரியக்குறியிட்டு மேலேறிச் செல்ல வேண்டும். ஒரு ஆச்சரியக்குறி ஒரு படி மேலே. ஒரே நூலுக்குள் லே-அவுட், மெய்ப்பைச் சார்ந்திருந்தால் ஓர் ஆச்சரியக்குறி போதும். ஒரு நூலின் அச்சு அடுத்த நூலின் அட்டையைச் சார்ந்திருந்தால் இரண்டு குறியிட்டு, அந்த நூலின் அடையாளப்பெயர், புள்ளி, அட்டையின் அடையாளப்பெயர். ஒரு தொகுதியை வெட்டி வேறு தொகுதிக்குள் ஒட்டினால் உள்ளே இருக்கும் குறிகளின் எண்ணிக்கை தவறிவிடும். பிழைச்செய்தி வரி எண்ணோடு வருவதால் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஒரு பிழை பத்தாகப் பெருகித் தெரிந்தாலும் முதலாவதைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மீதியில் பாதி காணாமல் போகும்.

வேலையின் அடையாளப்பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும். எண்ணில் தொடங்கக் கூடாது. மேற்கோள்குறிக்குள் வரும் பெயர் தமிழிலேயே இருக்கலாம். கோப்பு யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். அறிக்கை பிரவுசரில் திறப்பதால் எழுத்துரு சிக்கல் வராது. ஆனால் தமிழ்ப் பெயர்கள் நீளமானவை. பெயர் நெடுவரிசையின் அகலத்துக்கு மேல் போனால் வெட்டுப்படும். ‘விட்த்’ கொடுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தாய்வேலைக்குக் கொடுக்கும் பண்புகள் பிள்ளைவேலைகளுக்கு இறங்கும். அதற்கு அந்த வரி பிள்ளைவேலைகளுக்கு மேலே இருக்க வேண்டும். அலொகேட் வரியைத் தொகுதியின் அடியில் எழுதிவிட்டு, பிள்ளைகளுக்கு ஆள் இல்லை என்று பிழை வருகிறதே என்று தலையைச் சொறிய வேண்டியதில்லை. உழைப்பை மட்டும் தாய்வேலைக்குக் கொடுக்கவே முடியாது; அடிமட்ட வேலைக்குத்தான்.

நான்கு நூலுக்கும் படிகள் ஒன்றே என்பதால் ஒரு ‘மேக்ரோ’ (ஒருமுறை எழுதிப் பலமுறை அழைக்கும் வார்ப்பு) எழுதி, நூலின் பெயரையும் பக்கத்துக்கேற்ற உழைப்பையும் மட்டும் மாற்றிக் கொடுக்கலாம். கோப்பு பாதியாகச் சுருங்கும். மேக்ரோவுக்குள் வரும் பிழையைத் தேடுவது மட்டும் சற்றுச் சிரமம். முதல் நூலை விரிவாக எழுதி, பிழையில்லாமல் ஓடியபின் மேக்ரோவாக மாற்றுவதே சரியான வழி.

கணக்கு எப்படிப் போடுகிறது

ஒரே ஆளை இரண்டு வேலை கேட்டால், முதலில் ‘பிரையாரிட்டி’ எண்ணைப் பார்க்கும். 1 முதல் 1000 வரை. எதுவும் சொல்லாவிட்டால் 500. இரண்டின் எண்ணும் சமமாக இருந்தால், எந்த வேலையைத் தொடர்ந்து வரும் சங்கிலி நீளமும் நெருக்கடியும் கொண்டதோ அதற்கு முன்னுரிமை. இது நல்ல ஊகக் கணக்கு. உலகிலேயே சிறந்த அட்டவணை கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. முன்னுரிமை எண்ணைக் கூட்டினால் வேலை முன்னால் நகர்ந்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஆள் கிடைக்கும் வாய்ப்புதான் கூடும். முன்வேலை முடியாமல் காத்திருக்கும் ஒரு வேலைக்கு 900 கொடுத்தாலும் ஆளை அதற்காக நிறுத்திவைக்காது; இடையில் 300 எண் வேலை அவரை எடுத்துக்கொள்ளும். ஆளே தேவையில்லாத லெங்த், டியூரேஷன் வேலைகளுக்கு இந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை.

கெடு தேதியைக் கையாள்வதில் பலரும் செய்யும் பிழை, கடைசி வேலைக்கு ‘எண்ட்’ என்று தேதியைப் பொருத்திவிடுவது. அப்படிச் செய்தால் அந்த வேலை பின்னாலிருந்து முன்னோக்கிக் கணக்கிடப்படும். மற்ற வேலைகள் முன்னாலிருந்து வர, இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்தே ஓடவிட்டு, கடைசி மைல்கல்லுக்கு ‘மேக்ஸ்எண்ட்’ மட்டும் கொடுங்கள். அது கணக்கில் தலையிடாது. எல்லாம் முடிந்தபின் தேதி தாண்டியிருக்கிறதா என்று பார்த்து, தாண்டியிருந்தால் பிழை சொல்லும். டிசம்பர் 28க்குள் நூல் கைக்கு வர வேண்டுமென்றால் அந்த ஒரு வரியே காவல்.

‘சினாரியோ’ வசதி அருமை. தாள் வர ஒரு வாரம் தாமதமானால்? மூலத் திட்டத்துக்குக் கீழே ‘தாமதம்’ என்ற இன்னொரு சினாரியோவை அறிவித்து, மாறும் வேலைக்கு மட்டும் அதன் அடையாளப்பெயரை முன்னொட்டாகப் போட்டு வேறு மதிப்பு கொடுத்தால், இரண்டு கணக்கும் ஒரே அறிக்கையில் அடுத்தடுத்து வரும். இதே காரியத்துக்கு எக்செல்லில் இரண்டு கோப்பு வைத்துக்கொண்டு எது புதியது என்று தேடுவார்கள்.

வேலை நடக்கத் தொடங்கியபின் கண்காணிப்பதுதான் டாஸ்க்ஜக்ளரின் கசப்பான பகுதி. ‘கம்ப்ளீட் 60’ என்று எழுதினால் பட்டை அறுபது சதவீதம் நிரம்பித் தெரியும், அவ்வளவுதான். அட்டவணை இம்மியும் நகராது. உண்மையில் யார் எந்த நாளில் எத்தனை மணி செய்தார் என்பதை ‘புக்கிங்’ வரிகளாக எழுதினால்தான் மிச்ச உழைப்பை இன்றிலிருந்து திரும்பக் கணக்கிடும். ‘ஃப்ரீஸ்’ என்ற விருப்பத்தோடு ஓட்டினால், இதுவரை திட்டமிட்டபடியே நடந்ததாக வைத்துக்கொண்டு அந்தப் புக்கிங் வரிகளைத் தனிக் கோப்பில் தானே எழுதித் தரும். நடந்தது வேறாக இருக்கும் இடங்களை நீங்கள் கையால் திருத்த வேண்டும். மூன்று பேர் கொண்ட பதிப்பகத்துக்கு இது அதிகப்படி. முடிந்த வேலையை முடிந்த தேதியோடு பொருத்திவிட்டு, நடப்பதன் மிச்ச உழைப்பை மட்டும் மாற்றி வாரம் ஒருமுறை ஓட்டுவது போதும்.

எமாக்ஸ் ஆர்க் மோட் வழியாக

டாஸ்க்ஜக்ளர் கோப்பில் அடைப்புக்குறிகள் அதிகம். நட்சத்திரமிட்ட தலைப்புகளாக எழுதிப் பழகியவர்களுக்கு எமாக்ஸ் எனும் டெக்ஸ்ட் எடிட்டரின் ஆர்க் மோட் இருக்கிறது. ஒரு தலைப்புக்கு டாஸ்க்ஜக்ளர் புராஜெக்ட் என்ற டேக், ஆட்களின் தலைப்புக்கு ரிசோர்ஸ் டேக். எஃபர்ட், அலொகேட் எல்லாம் பிராப்பர்ட்டியாக. ‘ஆர்டர்ட்’ என்ற பிராப்பர்ட்டியைத் தாய்த்தலைப்பில் போட்டால் பிள்ளைகள் வரிசையாக ஒன்றையடுத்து ஒன்று ஓடும். ஆச்சரியக்குறிகளை எண்ண வேண்டாம். ஏற்றுமதிப் பட்டியலில் பெரிய ஜே எழுத்தின் கீழ் இது கிடைக்கும்.

மூன்று எச்சரிக்கைகள். ஆர்க் 9.5 முதல் இந்த ஏற்றுமதி நிரல் தனியான ஆர்க்-கான்ட்ரிப் தொகுப்பில் இருக்கிறது. அதை நிறுவாவிட்டால் ஜே தெரியவே தெரியாது. திட்டத்தின் காலம் இயல்பாக 280 நாள். நீண்ட திட்டமென்றால் அதற்கான அமைப்பில் அந்த எண்ணை உயர்த்துங்கள். மூன்றாவது தமிழில் எழுதுபவர்களுக்கு: தலைப்பின் முதல் சொல்லிலிருந்து அது அடையாளப்பெயர் உருவாக்குகிறது, ஆங்கிலம் அல்லாத ஒவ்வோர் எழுத்தையும் அடிக்கோடாக மாற்றிவிடுகிறது. ‘மெய்ப்பு’, ‘அட்டை’ எல்லாம் வெறும் அடிக்கோட்டு வரிசையாகிப் போனால், பிழைச்செய்தியில் எது எதுவென்று யாரால் சொல்ல முடியும்? தமிழ்த் தலைப்பு ஒவ்வொன்றுக்கும் டாஸ்க்-ஐடி பிராப்பர்ட்டியை ஆங்கிலத்தில் கொடுத்துவிடுங்கள்.

படம் மட்டும் போதுமென்றால்

ஆள் தட்டுப்பாடு இல்லாத, அல்லது எல்லாம் வெளியே கொடுத்துச் செய்யும் திட்டத்துக்கு டாஸ்க்ஜக்ளர் வேண்டாம். டெக்ஸ்டிலிருந்து படம் மட்டும் வரையும் மெர்மெய்ட் போதும். 2022 பிப்ரவரி முதல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் மார்க்டவுன் பக்கங்களிலேயே அதன் படங்கள் தெரிகின்றன என்பதால் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒரு வேலைக்கு ஒரு வரி: பெயர், முக்காற்புள்ளி, அடையாளப்பெயர், ‘ஆஃப்டர்’ என்று முன்வேலை, நாள் எண்ணிக்கை. பெயருக்குள்ளேயே முக்காற்புள்ளி வந்தால் வரி உடையும். ‘எக்ஸ்க்ளூட்ஸ் வீக்கெண்ட்ஸ்’ என்றால் சனி, ஞாயிறு இரண்டும் போகும். நமக்கு ‘எக்ஸ்க்ளூட்ஸ் சண்டே’ போதும். விடுமுறை நாளில் பட்டை உடைந்து தெரியாது, அவ்வளவு நாள் கூடுதலாக நீளும். முடியும் தேதியைக் கொடுத்தால் அந்த நாள் கணக்கில் சேராது. சேர வேண்டுமென்றால் ‘இன்க்ளூசிவ் எண்ட் டேட்ஸ்’ என்ற வரியைச் சேர்க்க வேண்டும்.

மெர்மெய்ட்டின் பெரிய ஆபத்து வேறொன்று. ஆஃப்டருக்குப் பின் அடையாளப்பெயரை எழுத்துப்பிழையோடு அடித்தால் அது சத்தம் போடாது. அந்த வேலையை இன்றைய தேதியில் தொடங்கிவிடும். படம் அழகாகத்தான் இருக்கும். நாளை திறந்தால் அந்தப் பட்டை ஒரு நாள் நகர்ந்திருக்கும். காரணமில்லாமல் நகரும் பட்டையைப் பார்த்தால் முதலில் எழுத்துப்பிழையைத் தேடுங்கள்.

பிளாண்ட்-யூஎம்எல் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஆங்கில வாக்கியம்போல எழுதலாம்: இந்த வேலைக்கு 6 நாள் தேவை, அந்த வேலை முடிந்ததும் இது தொடங்கும், ஞாயிறு மூடல். ஆளையும் போடலாம், ஐம்பது சதவீதம் என்றும் சொல்லலாம்; நாள் அதற்கேற்ப நீளும். ஒரே ஆள் இரண்டு வேலையில் மாட்டினால் படத்தின் அடியில் அவருடைய சுமை நூறைத் தாண்டிக் காட்டும். தள்ளிவைப்பது உங்கள் பொறுப்பு. தமிழில் பெயர் எழுதினால் பிஎன்ஜி படத்தில், ஜாவா ஓடும் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால், கட்டங்கள் வரும். எஸ்விஜி எடுத்தால் எழுத்து தெரியும், ஆனால் சொல்லின் அகலத்தைப் படம் வரையும்போதே நிர்ணயித்துவிடுவதால் சில இடங்களில் நெருக்கியோ இழுத்தோ தெரியலாம்.

அறிக்கையை அனுப்பும்போது

டாஸ்க்ஜக்ளரின் ஹெச்டிஎம்எல் அறிக்கை பார்க்கத் திருத்தமாக இருக்கும். வேலைவாரி அறிக்கையில் சார்ட்டின் அளவை நாள், வாரம், மாதம் என்று தேர்ந்தெடுக்கலாம். ஆள்வாரி அறிக்கையில் வாரத்துக்கு யாருக்கு எத்தனை நாள் வேலை என்று வரும். ஓவியருக்கு அட்டவணையைக் காட்ட இதுவே நல்லது, முழு சார்ட்டும் அவருக்கு எதற்கு? ஹெச்டிஎம்எல் கோப்பை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பினால் சார்ட் கலைந்து தெரியும். அதோடு உருவாகும் சிஎஸ்எஸ், ஐகான்கள், ஸ்கிரிப்ட் ஆகிய மூன்று கோப்புறைகளும் கூடவே போக வேண்டும். ஜிப் செய்து அனுப்புங்கள், அல்லது ஏதாவது சர்வரில் ஏற்றி இணைப்பைக் கொடுங்கள். பிடிஎஃப் நேரடியாக வராது. பிரவுசரில் பிரிண்ட் கொடுத்து, தாளைக் கிடைமட்டமாக வைத்து, சார்ட்டை வார அளவுக்குச் சுருக்கி எடுத்தால் நான்கு மாதத் திட்டம் ஒரு ஏ3 தாளில் அடங்கும். சிஎஸ்வி எடுத்து லிப்ரேஆஃபிஸில் திறப்பவர்கள், நெடுவரிசைகள் அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டிருப்பதைத் திறக்கும் பெட்டியில் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்எஸ் புராஜெக்ட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளருக்கு எக்ஸ்எம்எல் ஏற்றுமதியும் உண்டு. போன் காலண்டருக்கு ஐகால் அறிக்கை ஒன்று போட்டுவைத்தால், மெய்ப்புக்காரர் டெர்மினல் பக்கமே வராமல் தன் தேதிகளைத் தெரிந்துகொள்வார்.